வருட இறுதி நிகழ்ச்சிகளும் பிள்ளைகளின் பேரும்: பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, தோட்டங்கள் சூழ்ந்த ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இணைப்பாடவிதானச் செயற்பாடுகளுக்கு நான்தான் பொறுப்பு. நவம்பர் பிறந்தால் பாடசாலை வாசலிலும் பஸ்ஸிலும் தொலைபேசியிலும் ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பாடசாலைக்குப் பாடசாலை வழக்கம் மாறும். அதனால் திகதி, நேரம் போன்றவற்றை உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வருட இறுதி என்றால் டிசம்பர்தானே? ஏன் நிகழ்ச்சிகள் தள்ளிப்போகின்றன?

முன்பு கணக்கு சுலபம். உயர்தரப் பரீட்சை (பதின்மூன்றாம் வகுப்பு முடிவில்) ஆகஸ்டில் நடக்கும், சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு முடிவில்) டிசம்பரில் நடக்கும், அப்புறம் விடுமுறை. கொரோனாவுக்குப் பிறகு அந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. 2023ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2024 மே மாதத்தில்தான் நடந்தது. 2024க்குரியது 2025 மார்ச்சுக்குப் போனது. 2024ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. அதற்கு நடுவிலும் மழை வெள்ளத்தால் சில நாள் நிறுத்திவைத்தார்கள்.

இதில் நமக்கு என்ன சங்கடம் என்றால், பாடசாலை மண்டபம் பரீட்சை நிலையமாகிவிடும். பக்கத்து அறையில் உயர்தரப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது இங்கே நடன ஒத்திகை வைக்க முடியாது. அதனால் சில பாடசாலைகள் பரிசளிப்பை நவம்பர் தொடக்கத்திலேயே முடித்துவிடுகின்றன. சில அடுத்த வருடம் முதலாம் தவணைக்குத் தள்ளிவைக்கின்றன. தள்ளிப்போனால் விழா இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்துவிட்டது. இனியும் பிள்ளையை அனுப்ப வேண்டுமா?

அனுப்புங்கள். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்து எங்கே பிழைத்தது என்று காட்டுவது இந்த நாட்களில்தான். கண்காட்சி, கையெழுத்துச் சஞ்சிகை, கலைவிழா ஒத்திகை எல்லாம் இப்போதுதான் நடக்கும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் வாயைத் திறப்பதையும் நான் இந்த நாட்களில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பரிசளிப்பில் எவற்றுக்கெல்லாம் பரிசு உண்டு?

பொதுவாக வகுப்பில் முதல் மூன்று இடங்கள், ஒவ்வொரு பாடத்திலும் அதிகூடிய புள்ளி, முழு வரவு, சாதாரண தர, உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டு, தமிழ்மொழித் தினப் போட்டி, சாரணர், மாணவத் தலைவர் சேவை என்று போகும். இல்ல விளையாட்டுப் போட்டி முதலாம் தவணையில் நடந்திருந்தாலும் வலய, மாகாண மட்டம்வரை போனவர்களின் பெயர் இந்த மேடையில் மறுபடி வரும்.

முழு வரவுப் பரிசை எப்படிக் கணக்கெடுக்கிறீர்கள்? மழையில் பஸ் வராவிட்டால் அதுவும் வராத நாள்தானா?

எனக்கு மிகவும் பிடித்த பரிசு இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலையில் எடுக்கும் வரவு இடாப்புதான் ஆதாரம். வலயக் கல்வி அலுவலகமோ மாகாணமோ பாடசாலையை மூடிய நாட்கள் கணக்கில் வராது. பாடசாலை நடந்த நாட்களில் ஒரு நாள் கூடத் தவறாதிருந்தால் முழு வரவு. பஸ் பழுதாகிப் பிந்தி வந்தால் அன்று வந்ததாகவே பதிகிறோம்.

போன வருடம் இந்தப் பரிசை வாங்கிய ஒரு பையன் தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கிலிருந்து நடந்து வருகிறவன். தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் முக்கால் மணி நேரம். ஜூன், ஜூலை மழையில் அவன் சிலிப்பரோடு வருவான். சப்பாத்தும் மேஸும் (காலுறையும்) ஒரு பொலித்தீன் பையில் இருக்கும். குழாயடியில் நின்று காலில் ஏறிய அட்டைகளைச் சவர்க்காரம் தடவிக் கழற்றிவிட்டு, காலைக் கழுவித் துடைத்து, மேஸும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, முதல் மணி அடிக்குமுன் வகுப்பில் இருப்பான். வருடம் முழுவதும் இது. தவணைப் பரீட்சையில் அவன் பதினெட்டாம் பிள்ளை. ஆனால் அன்று மேடையில் அவன் கையில் கேடயம் இருந்தது. அவன் பெயரை நான் பெருமையோடு வாசித்தேன்.

ஒன்று மட்டும் தயவுசெய்து கேளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில் இந்தப் பரிசுக்காகப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். காய்ச்சலோடும் அனுப்ப வேண்டாம். எச்சரிக்கை நாளில் வராத பிள்ளைக்கு எங்கள் பாடசாலையில் வரவு குறைவதில்லை. உங்கள் பாடசாலையில் வேறு மாதிரி இருந்தால் அதிபரிடம் பேசுங்கள், இதைச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

9 ஏ எடுத்தவர்களின் படம்தான் டவுனில் பெனராகத் தொங்குகிறது. என் பிள்ளை 6 பாடம் சித்தி. அது சாதனையா?

சாதனைதான். முதலில் எழுத்துகளை விளங்கிக்கொள்வோம். சாதாரண தரத்தில் ஏ, பீ, சீ, எஸ் ஆகிய நான்கும் சித்தி. சீ திறமைச் சித்தி, எஸ் சாதாரண சித்தி. டபிள்யூ மட்டும்தான் சித்தியில்லை. முதல் மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி, அவற்றில் மூன்று திறமைச் சித்தி (சீ அல்லது அதற்கு மேல்) இருந்தால் உயர்தரத்துக்குப் போகலாம். பெனரில் தொங்கும் பிள்ளைக்கும் உங்கள் பிள்ளைக்கும் உயர்தர வகுப்பின் கதவு ஒன்றுதான்.

கணிதத்தில் டபிள்யூ வந்து, அடுத்த முறை மறுபடி எழுதி எஸ் எடுத்த ஒரு மாணவி எங்களிடம் இருக்கிறாள். தாயும் தகப்பனும் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) உயர்தரம் படிக்கும் முதல் பிள்ளை அவள். ஒரு பெறுபேற்றுத் தாளில் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் அந்த எஸ்ஸுக்காக அவள் ஒரு வருடம் விடியற்காலையில் எழுந்து கடந்தகால வினாத்தாள் செய்திருக்கிறாள். பரிசளிப்பில் அவளுக்கு இடமில்லாமல் போகக்கூடாது என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டேன். இப்போது எங்கள் நிகழ்ச்சி நிரலில் 'முன்னேற்றம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. முதலாம் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் இடையில் அதிகம் உயர்ந்த பிள்ளை, மறுபடி எழுதிச் சித்தியடைந்த பிள்ளை, இடைவிலகிப் போய்த் திரும்பி வந்த பிள்ளை ஆகியோர் இதில் அடங்குவர். பெற்றோராகிய நீங்களும் உங்கள் பாடசாலையில் இதைக் கேட்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் அதற்குத்தான் இருக்கிறது.

9 ஏ எடுத்த பிள்ளையைக் குறைத்துச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்து 9 ஏ எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பெனர் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள்.

விழா வேலை நாளில் வைக்கிறார்கள். போனால் ஒரு நாள் பேர் போய்விடும். கட்டாயம் வர வேண்டுமா?

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 'பேர்' என்றால் செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) விழும் ஒரு நாள் வேலை. முழுப்பேர், அரைப்பேர் என்று சம்பளம் அதை வைத்துத்தான். ஆகவே இது நியாயமான கேள்வி. இதைக் கேட்கும் தாயை அக்கறையில்லாதவர் என்று நினைக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால் அவர் ஒரு நாள் கொழுந்து மலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். அழைப்பிதழில் காலை ஒன்பது மணி. பிரதம அதிதி வந்தது பத்தே முக்காலுக்கு. மாலை, பாண்ட் வாத்தியம், மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், அதற்குப் பிறகு ஐந்து உரைகள். பின்வரிசையில் ஒரு தாய் அரைப்பேருக்காவது போய்ச்சேர வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு விஞ்ஞானப் பாடப் பரிசு. நான் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பெயர்ப்பட்டியலோடு நின்றேன். பட்டியலின் ஒழுங்கை மாற்றி அவளை முதலில் கூப்பிட்டிருக்கலாம். அப்போது எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. நான்காவது உரை நடக்கும்போது அந்தத் தாய் எழுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடி வெளியே போனார். மகளின் பெயரைக் கூப்பிட்டபோது பிள்ளை மேடையில் ஏறினாள். கைதட்டும் பக்கம் அவள் திரும்பவேயில்லை. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எந்தப் பாடசாலையில் வேலை செய்தாலும் இரண்டு விஷயத்தை விடாமல் கேட்கிறேன். ஒன்று, முதலில் பரிசு, பிறகு உரை. அதிதி பிந்தினால் அதிபரே பரிசு வழங்கத் தொடங்கலாம், எந்த அதிதியும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. மற்றது, ஞாயிறு பிற்பகல். காலையில் அறநெறி வகுப்பும் பூசையும் முடிந்துவிடும், பேரும் போகாது. ஆசிரியர்களுக்கு விடுமுறை நாள் போகிறதுதான். வருடத்தில் ஒரு நாள்.

வேலை நாளில்தான் விழா என்றால், உங்கள் பிள்ளையின் பெயர் எந்த நேரத்தில் வரும் என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முழு நாளும் இருக்க வேண்டியதில்லை. தாய், தகப்பன் இருவரும் வர முடியாவிட்டால் பாட்டியோ சித்தப்பாவோ அக்காவோ வரட்டும். யாராவது ஒருவர் அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும்.

கலைவிழாவில் தோட்டத்துக் கலைகளைச் செய்யலாமா? சினிமாப் பாட்டுக்குத்தான் கைதட்டு கிடைக்கிறது.

காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் எங்கள் லயங்களில் ஊறிய கலைகள். மாசி மாதத்தில் கோயில் முன்றலில் ஆடும் காமன் கூத்தைப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள், அவர்களுக்குப் புதிதாகப் பழக்க வேண்டியதே குறைவு. தோட்டத்தில் ஆடத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவரை மேடையில் பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியராக நிறுத்துங்கள்.

தப்பு மேளம் வைத்தால் ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். டிசம்பர் குளிரிலும் ஈரத்திலும் தோல் தொய்ந்துவிடும், அடித்தால் 'தொம்' என்று மந்தமாக விழும். ஒரு முறை எங்கள் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தாத்தா பழைய தாள்களையும் காய்ந்த தேயிலை மிலாறுகளையும் (சுள்ளிகளையும்) போட்டு நெருப்பு மூட்டினார். தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிக் காதில் வாங்கிக்கொண்டேயிருந்தார். எட்டாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்கள். "இப்ப அடிடா" என்றார். கம்பு பட்டதும் மண்டபத்துக்குள் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அன்று சினிமாப் பாட்டைவிட எதற்கு அதிகக் கைதட்டு என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நெருப்பு மூட்டும் இடத்தை மட்டும் அதிபரிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஆசிரியரும் கூட நிற்கட்டும்.

நாங்கள் இந்துக்கள். ஒளி விழாவில் (பாடசாலையின் நத்தார் விழாவில்) பிள்ளை சேரலாமா?

தாராளமாக. நவராத்திரியின் வாணி விழாவுக்குக் கிறிஸ்தவப் பிள்ளைகள் கோலம் போடுகிறார்கள், ஒளி விழாவுக்கு இந்துப் பிள்ளைகள் கரோல் பாடுகிறார்கள். எங்கள் கிறிஸ்து பிறப்புத் தொழுவத்துக்கு வருடா வருடம் மானாப்புல் வெட்டிக்கொண்டு வருவது மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன்தான்.

தமிழ்மொழித் தினப் போட்டிச் சான்றிதழால் பிறகு என்ன பயன்?

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாகப் போகிறது. பேச்சு, பாவோதல், கட்டுரை, இசை, நடனம், வில்லுப்பாட்டு, விவாதம் என்று பல பிரிவுகள் உண்டு. நுவரெலியா மாவட்டப் பிள்ளைகள் மத்திய மாகாணத்திலும், பதுளை, பண்டாரவளைப் பிள்ளைகள் ஊவா மாகாணத்திலும் போட்டியிட்டு மேலே போவார்கள்.

பயன் உண்டு. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களுக்கு விண்ணப்பித்தால் நேர்முகப் பரீட்சையில் இணைப்பாடவிதானச் சான்றிதழ்களையும் பார்ப்பார்கள். வேலைக்குப் போகும்போதும் கேட்பார்கள். கோட்ட மட்டத்தில் மூன்றாமிடம் என்று அலட்சியமாக எங்காவது போட்டுவிட வேண்டாம்.

சான்றிதழில் பிள்ளையின் பெயர் பிழையாக இருக்கிறது. பெரிய விஷயமா?

ஆம், பெரிய விஷயம். எங்கள் பக்கத்தில் இந்தச் சிக்கல் அதிகம். பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்தில் பதிந்தபோது தமிழ்ப் பெயர் உருமாறியிருக்கும். தகப்பனின் பெயர் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் இருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயரே பாடசாலை இடாப்பில் ஏறியிருக்கும். பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

ஒன்பதாம் வகுப்பிலேயே பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை இடாப்பையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவுக்குப் போங்கள், நாள் எடுக்கும், அதனால் முன்கூட்டியே தொடங்குங்கள். பரிசளிப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள், மாற்றி எழுதித் தருவது எங்கள் கடமை.

சான்றிதழ்களை லயத்தில் எப்படிப் பாதுகாப்பது? கூரை ஒழுகுகிறது.

பிளாஸ்டிக் உறைகள் உள்ள பைல் ஒன்றை வாங்கி, அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, சுவரோடு ஒட்டாத இடத்தில் உயரமாக வையுங்கள். ஈரச்சுவரில் ஆணியடித்து மாட்டினால் இரண்டு மழையில் பூஞ்சணம் பிடித்துவிடும். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, ஒரு பிரதியை வகுப்பாசிரியருக்கும் அனுப்பிவிடுங்கள். வெயில் வரும் நாளில் எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட வைக்கலாம். நேரடி வெயில் வேண்டாம், மை மங்கும்.

நடன உடுப்புக்குப் பணம் கேட்கிறார்கள். எங்களால் முடியாது.

வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். உடுப்பு வாங்க முடியவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் நிகழ்ச்சியிலிருந்து எடுக்கக் கூடாது. பழைய மாணவர்கள் பலர் கேட்டால் உதவுகிறார்கள். அம்மாவின் சேலையை மடித்துக் கட்டியே அழகான நடனம் ஒன்றை எங்கள் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாடகை உடுப்பு வேண்டியிராத நிகழ்ச்சியாகத் தெரிவு செய்யுங்கள்.

சாதாரண தரம் எழுதியதும், பெறுபேறு வரும்வரை மகனைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். வீட்டுக் கஷ்டம் தெரியும், கடன் தெரியும். ஆனாலும் அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2025 மார்ச்சில் எழுதியவர்களுக்கு ஜூலையில்தான் பெறுபேறு வந்தது. அந்த நான்கு மாதம் போதும். கையில் காசு, ஒரு போன், சேர்ந்த நண்பர்கள். பெறுபேறு நன்றாக வந்தாலும் பையன் திரும்புவதில்லை. "அடுத்த வருஷம் பார்ப்போம் சேர்" என்று சொன்ன எத்தனையோ குரல்களைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். அந்த அடுத்த வருஷம் வந்ததே இல்லை.

2024இல் பெறுபேறு வரும் முன்னரே உயர்தர வகுப்புகளைத் தொடங்கினார்கள். உங்கள் பாடசாலையிலும் அப்படியா என்று கேளுங்கள். விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பினால் அந்தப் பிரிவுகள் உள்ள பாடசாலையை இப்போதே தேட வேண்டும், எல்லாத் தோட்டப் பாடசாலையிலும் அவை கிடையாது. சித்தி குறைந்தாலும் வழியுண்டு. 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பயிற்சிப் பாடங்கள் இருக்கின்றன, அதற்குச் சாதாரண தரப் பெறுபேறு தடையில்லை.

பல்கலைக்கழகம் நமக்கெங்கே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பவை. அந்த இடங்களுக்கு நம் பிள்ளைகள் போக வேண்டுமென்றால் முதலில் அவர்கள் உயர்தர வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விழா முடிய இருட்டிவிடும். பிள்ளைகள் எப்படித் திரும்புவார்கள்?

டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலம் தொடங்கிவிடும். அதன் பிறகு ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் நான்கரைக்கு மேல் நிகழ்ச்சி வைப்பதில்லை. ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து போவார்கள், ஒரு பெற்றோர் கூட வருவார். பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது, டோர்ச் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள்.

பாடப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

ஆம். பாவிக்கக்கூடிய நிலையில் இருப்பவற்றை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், அடுத்த வருடம் இன்னொரு பிள்ளைக்குப் போகும். கிழிந்த அட்டையை ஒட்டிக் கொடுத்தால் போதும். நூலகப் புத்தகங்களும் அப்படித்தான். பரிசளிப்பில் கிடைத்த புத்தகம் மட்டும் பிள்ளைக்கே சொந்தம். முதல் பக்கத்தில் பெயரும் வருடமும் எழுதித் தருவோம்.